அக்காளும், கடலில் மட்டும் நின்றுபோன எஞ்சினும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு படமும், பிறந்த நட்சத்திரமும், இரண்டு தேவாரப் பாட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். நாகர்கோவில் மாமா விடவில்லை. கூடப் பிறந்தவன் நீ ஒருவன்தான் இருக்கிறாய், நாலு பக்கமாவது எழுது என்றார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அதோடு இந்த ஒரு வருடமாக எதைச் செய்ய உட்கார்ந்தாலும் சீக்கிரம் அலுத்துப்போகிறது. ஆகையால் இதை ஒரே மூச்சில் எழுதவில்லை, விட்டுவிட்டு எழுதினேன். முன்பின்னாக இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பூதப்பாண்டியில், அம்மாவின் பிறந்த வீட்டில். அப்பா அதற்கு முன்பே திருவனந்தபுரம் வந்து ஆரியசாலையில் வைண்டிங் கடை வைத்துவிட்டார். மின்விசிறி, தண்ணீர் பம்பு, மாவு மில்லின் மோட்டார் ஆகியவை எரிந்துபோனால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை அவிழ்த்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொடுக்கும் தொழில். குடியிருந்தது கரமனையில் வாடகை வீட்டில். அக்கா அங்கேதான் வளர்ந்தார், பிரீ டிகிரி வரை படித்தார். அதற்குமேல் படிக்க வைக்க அப்பாவுக்கு மனம் இருந்தது. ஆனால் அந்த வருடம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. வைண்டிங் வேலைக்குக் கை இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. அக்கா அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அக்காளுக்குத் திருமணம் ஏன் நடக்கவில்லை என்பதற்கு நம் குடும்பங்களில் பலரும் பல காரணம் சொல்வதுண்டு. அப்படிப் பெரிய கதை எதுவும் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் கரமனை வீட்டுக்கு வந்தால், பெண் கடையில் இருக்கிறாள், சாயங்காலம் வருவாள் என்று அம்மா சொல்ல வேண்டியிருந்தது. வார்னிஷ் வாடையோடு அக்கா வந்து நிற்பார். அவ்வளவுதான். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு, இனி யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று அக்காளே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பா காலமான பின் கடையின் முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அக்காளுக்கு என்று ஆயிற்று. வருகிறவர்களோடு பேசுவதும், சாமான் வாங்கி வருவதும், மின்சார ஆபீசுக்கு நடப்பதும் என் வேலை. மேசையில் இருக்கும் எல்லாம் அவர் வேலை. கோபக்காரர் என்று அக்காளுக்குப் பெயர் உண்டு. உங்களில் பலரும் அதைப் பட்டறிந்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கோபம் இல்லை, களைப்பு. காலையில் கடைக்கு வரும்போதே அக்கா களைத்துத்தான் வருவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து மீன்பிடி வள்ளக்காரர்கள் எங்கள் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். துடுப்பும் பாயும் போய், வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற மண்ணெண்ணெய் எஞ்சின்கள் அந்தக் கரை முழுவதும் வந்துவிட்ட காலம். பழைய எஞ்சின்களுக்கு உதிரிச் சாமான் உடனே கிடைக்காது. எஞ்சின் தலைமேல் சுற்றுகிற சக்கரத்துக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருளான ஒரு காயில் இருக்கும். அதில் உண்டாகிற கரண்ட்தான் பிளக்குக்குப் போய்ப் பொறியாக விழுகிறது. உப்புக் காற்று பட்டு அந்தக் காயில் கெட்டுவிடும். அதைச் சுற்றித் தர முடியுமா என்று ஒருவர் கொண்டுவந்து கேட்டார். அக்கா சுற்றிக் கொடுத்தார். ஓடியது. பிறகென்ன, ஒருவர் போய்ப் பத்துப்பேரிடம் சொல்ல, வெறும் காயிலாக வந்துகொண்டிருந்தது முழு எஞ்சினாகவே ஆட்டோவில் வந்து இறங்கத் தொடங்கியது. பொறி வரவில்லை, பார்த்துக்கொடுங்கள் என்பார்கள். கடையின் பின்னால் ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, குறுக்கே பலகை அடித்து, அதில் எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்ப்பார் அக்கா. அந்தப் புகையும் சத்தமும் பொறுக்காமல் பக்கத்து மளிகை மொத்தக் கடைக்காரர் வந்து சண்டை போட்டதை ஆரியசாலை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி நான் எழுதப்போவது ஒரே ஒரு எஞ்சினைப் பற்றி. அக்காளின் வாழ்க்கையில் எத்தனையோ இருக்க, இதை ஏன் எழுதுகிறான் என்று தோன்றலாம். அக்கா தம் வாழ்நாளில் அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்பதால் எழுதுகிறேன்.

விழிஞ்ஞத்துப் பத்ரோஸ் என்பவருடைய எஞ்சின் அது. சொந்தத்தில் யாரோ ஓட்டித் தள்ளியதை அவர் வாங்கியிருந்தார். அவரும் அவர் தம்பி ஆன்றணியும் ஒரே வள்ளத்தில் போவார்கள். கரையில் ஒரே இழுப்பில் எடுக்கும், நன்றாக ஓடும், கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். சற்றுநேரம் விட்டுவிட்டு இழுத்தால் மறுபடி ஓடும். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றார் பத்ரோஸ். அப்படியானால் காயில்தான் என்றார் அக்கா. சூடேறினால் கரண்ட் விட்டுப்போகிற காயில்கள் உண்டு. புதிதாகச் சுற்றி, டிரம்மில் ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சில நாள் கழித்து அதே எஞ்சின் அதே குற்றத்தோடு வந்தது. பிளக் மாற்றினார். பொறியை விட்டுவிட்டுக் கொடுக்கிற கறுப்புப் பெட்டியை வேறொரு எஞ்சினிலிருந்து எடுத்து மாற்றிப் பார்த்தார். ஒயர்களை எல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் காட்டியது. டிரம்மிலும் ஓடியது. மறுபடியும் கடலில் நின்றது. பத்ரோஸ் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, பின்னும் நின்னு, சேச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் உட்காருவார். அவர் திட்டியிருந்தால் அக்காளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை எஞ்சினோடு வந்தது அவர் மனைவி பிலோமினா. நல்ல உயரம், தலையில் மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து நிமிர்ந்தே இருக்கும். மழைக்காலம் தொடங்கப்போகிற நேரம். அந்த நாட்களில்தான் விழிஞ்ஞத்தில் மீன் அதிகம் படும். கடலும் அப்போதுதான் மோசம். பிலோமினா உட்காரவில்லை. நேராகப் பின்பக்கம் போய் அக்காளின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சேச்சி, சரியாக்க முடியல்லன்னா முடியல்லன்னு பறையணும். எங்களுக்கு அது மதி, அது போதும். மனசில சந்தேகம் வச்சுக்கிட்டு எஞ்சினைத் தரப்பிடாது."

அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "ஆகும், வச்சிட்டுப் போ" என்றார்.

அந்தத் தடவை காயிலை மறுபடி பிரித்து, இன்னும் நல்ல கம்பியில் சுற்றி, வார்னிஷ் நன்றாகக் காயவைத்துக் கொடுத்தார். அதற்குமேல் செய்ய அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மழை தொடங்கி முதல் வாரத்திலேயே அது நடந்தது. காலையில் திரும்பி வரும்போது, துறைமுக வாய்க்கு நேரே வந்து வள்ளத்தைத் திருப்புகிற இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. அங்கே கடலுக்குள் பாறை அடுக்கிக் கட்டிய தடுப்புச் சுவர் உண்டு, புலிமுட்டு என்பார்கள். அலை வள்ளத்தைத் தூக்கி அதன்மேல் அடித்தது. மோதாமல் தடுக்கக் காலை நீட்டிய ஆன்றணியின் கால் பாறைக்கும் வள்ளத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

செய்தியை என்னிடம் சொன்னது விழிஞ்ஞத்திலிருந்து வேறு எஞ்சின் கொண்டுவந்த ஆட்டோக்காரர். நான் பின்னால் போய்ச் சொன்னேன். அக்கா கையில் இருந்த கம்பியை வைத்துவிட்டு, எந்த இடத்தில் நின்றதாம் என்று கேட்டார். சொன்னேன். வள்ளத்தைத் திருப்பும்போதா என்று மறுபடி கேட்டார். ஆம் என்றேன். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே ஆள் அனுப்பி எஞ்சினை வரவழைத்து டிரம்மில் மாட்டினார். சாயங்காலம் வரை ஓடிற்று. அக்கா அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை அடைக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது இங்க நிக்க மாட்டேங்கு. கடல்லதான் நிக்கு. அப்பம் கடல்ல போயித்தான பாக்கணும்."

அக்காளுக்கு அப்போதே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தன. சங்குமுகத்தில் கால் நனைத்ததைத் தவிரக் கடலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் எவ்வளவோ சொன்னேன். பத்ரோசும் வேண்டாம் என்றார். எஞ்சினை விற்றுவிடுகிறேன், விடுங்கள் சேச்சி என்றார். விற்றால் வாங்குகிறவன் கடலுக்குப் போக மாட்டானா என்று அக்கா கேட்டார்.

மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு காலையில் போனோம். பத்ரோஸ், அவருடைய கூட்டாளி ஒருவர், அக்கா, நான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் வள்ளத்தில் ஏறுவதை மீன் ஏலக்கூடத்துப் பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். பிலோமினாவும் நின்றார். அக்கா ஏறும்போது கையை மட்டும் பிடித்து ஏற்றிவிட்டார்.

புலிமுட்டைத் தாண்டியதும் அக்காளுக்கு வாந்தி தொடங்கியது. ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பையும் மறுகையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார், வாயைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்ப்பார், மறுபடி வாந்தி எடுப்பார். திரும்பிவிடலாம் என்று பத்ரோஸ் இரண்டு முறை கேட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அக்காமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

கரை சின்னதாகத் தெரிகிற தூரம் போனதும், வள்ளத்தை நன்றாக வளைத்துத் திருப்பச் சொன்னார் அக்கா. பத்ரோஸ் கைப்பிடியை முழுக்கத் தள்ளினார். வள்ளம் பாதி திரும்பியது. எஞ்சின் நின்றது.

திடீரென்று அவ்வளவு அமைதி. வள்ளம் ஆடத் தொடங்கியது. பத்ரோஸ் வழக்கப்படி எஞ்சினைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடக் கையை வைத்தார்.

"தொடண்டாம், பத்ரோசே. தூக்கவும் வேண்டாம். நின்ன மாதிரியே இருக்கட்டு."

மூடியைக் கழற்றச் சொல்லி, பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுக்கச் சொன்னார். பொறி இல்லை. இன்னொரு பிளக்கிலும் இல்லை. பிறகு, எஞ்சினை நிறுத்துகிற பட்டனுக்குப் போகும் ஒயரை இணைப்பில் இருந்து பிடுங்கினார். இழு என்றார். நீலமாகப் பொறி விழுந்தது. ஒயரை மறுபடி செருகினார். பொறி இல்லை. பிடுங்கினார். பொறி விழுந்தது.

எனக்குக்கூடப் புரிந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் அந்த ஒயர் வழியாகக் கரண்ட் எஞ்சின் உடம்புக்குப் போய்விடும், பிளக்குக்குப் பொறி போகாது, எஞ்சின் நிற்கும். இங்கே பட்டனை யாரும் அழுத்தாமலே அது நடந்துகொண்டிருந்தது. அக்கா ஒயர் போகிற வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனார். கைப்பிடி சேருகிற மூட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒயரின் தோல் ஒரு நெல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. எஞ்சினை முழுக்கத் திருப்பும்போது ஒயர் இழுபட்டு, உள்ளே இருக்கும் செம்பு எஞ்சின் உடம்பில் ஒட்டுகிறது. எஞ்சின் நின்றதும் எல்லோரும் தூக்கிவிடுவார்கள். தூக்கினால் ஒயர் தளர்ந்து விலகிவிடும். பிறகு இழுத்தால் ஓடும். அதைத்தான் நாங்கள் எல்லோரும் ஆறியதால் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டிரம்மில் அதை யாரும் திருப்பவும் இல்லை, தூக்கவும் இல்லை.

பத்ரோஸ் சிரித்துவிட்டார். இத்தனை நாள் இதுதானா என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அக்கா அந்த இடத்தில் டேப்பைச் சுற்றி, ஒயரைத் தளர்த்திக் கட்டினார். அவர் சிரிக்கவில்லை. கரைக்குத் திரும்பி வரும் வழி முழுக்க எஞ்சின் நிற்காமல் ஓடியது.

கரை இறங்கியதும் ஆன்றணியின் வீடு எங்கே என்று கேட்டார். நனைந்த சேலையோடு, வாந்தி வாடையோடு, அப்படியே போனார். ஆன்றணி மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். பிலோமினா சுவரோரம் நின்றார். அக்கா உட்காராமலே சொன்னார்.

"ஆன்றணி, குத்தம் காயில்ல இல்ல. ஆஃப் பட்டனுக்குப் போற ஒயர்ல இருந்துச்சு. என் மேசைக்கு வந்தப்பம் எல்லாம் அது அங்கதான் இருந்திருக்கு. நான் மீட்டர் வச்சுப் பாத்தேன், எஞ்சினத் திருப்பிப் பாக்கல்ல. பாத்திருந்தா உனக்கு இப்படி வந்திருக்காது."

ஆன்றணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எஞ்சின் இப்போது ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுது என்றார் அக்கா. அப்ப செரி என்றான். அவ்வளவுதான். திரும்பிப் போகும் பஸ்சில் அக்கா என் தோளில் சாய்ந்து, கிழக்கேகோட்டை வரும் வரை தூங்கினார்.

ஆன்றணியின் கால் கூடியது, ஆனால் கொஞ்சம் குட்டையாகக் கூடியது. ஆடுகிற வள்ளத்தில் ஊன்றி நிற்க அந்தக் கால் உதவவில்லை. அவன் கடலை விட்டுவிட்டு ஏலக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அதன் பிறகு எங்கள் கடைக்கு வந்த ஒவ்வொரு எஞ்சினையும் அக்கா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பி, தூக்கி இறக்கி, தண்ணீர் ஊற்றி நனைத்து, ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். அரை நாள் வேலை இரண்டு நாள் ஆயிற்று. காத்திருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். நான் சமாதானம் சொல்வேன். சில நாள் எனக்கே பொறுமை போய்விடும், போதும் அக்கா என்பேன். காது கேட்காதவர்போல மறுபடி திருப்புவார்.

பிலோமினா கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. அக்கம்பக்கத்தாரின் எஞ்சின் எதுவானாலும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வருவார். சுகமாக இருக்கிறாயா, மழை உண்டா, மீன் உண்டா என்று இரண்டு பேரும் பேசுவார்கள். அந்த விஷயத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அக்காளின் உடம்பு ஒவ்வொன்றாகக் கைவிட்டது. முதலில் கண். மெல்லிய கம்பி தெரியவில்லை என்று வைண்டிங்கை நிறுத்தினார். பிறகு கால் புண். கடைசியில் சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் சேர்த்தோம். துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்து அவளே படுக்கையில் கிடந்தாள். ஊரிலிருந்து வந்த சித்தி மகள் ஒரு வாரம் இருந்தாள். அதற்குமேல் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. என்ன செய்வது என்று வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, கையில் ஒரு துணிப்பையோடு பிலோமினா படி ஏறி வந்தார். ஆட்டோக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டாராம். நான் கூட்டிருப்பேன், நீங்க போயி கஞ்சி கொண்டாங்க என்றார். கடைசி நாள் வரைக்கும் அவர்தான் இருந்தார். அக்காளைத் துடைத்தார், புரட்டிப் படுக்க வைத்தார், தலை வாரிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரை அக்காளின் தங்கை என்றே நினைத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் நானும் கட்டிலருகில் இருந்தேன். அக்காளுக்கு அன்று கொஞ்சம் தெளிவு இருந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"பிலோமி, அன்னைக்கு நீ கேட்டல்லா, ஆகாதுன்னா சொல்லணும்னு. நான் ஆகும்னு சொல்லிட்டேன். அப்பம் எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல்ல."

பிலோமினா போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"சேச்சி ஆகாதுன்னு பறஞ்சிருந்தாலும் அவரு அதையும் கொண்டுதான் கடலுக்குப் போயிருப்பாரு. எங்களுக்கு வேற எஞ்சின் இல்லல்லோ."

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"இத நீ முன்னயே சொல்லப்பிடாதா?"

"சேச்சி கேட்டில்லல்லோ."

அக்காளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தனை வருடங்களில் அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு, சாய்ந்து படுக்க வேண்டும் என்றார். இருவரும் சேர்ந்து திருப்பிப் படுக்க வைத்தோம். அந்த வாரத்திலேயே அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

அக்காளின் நோயிலும் இறுதிக் காரியங்களிலும் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், செய்தி கேட்டதும் பூதப்பாண்டியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் கார் பிடித்து வந்த உறவினர்களுக்கும், கரமனைத் தெருக்காரர்களுக்கும், அன்று முழுவதும் கடையடைத்த ஆரியசாலை வியாபாரிகளுக்கும், அவர்களில் முதலாவதாகக் கதவை இழுத்துவிட்ட பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பதினாறாம் நாள் காரியத்தன்று, கழுத்தில் ஜெபமாலையோடு அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா யார் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். வாசலில் கால் சாய்த்து நின்று எல்லோருக்கும் செருப்பு எடுத்து வைத்தவர் யார் என்றும் கேட்டீர்கள். அன்று எனக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த அம்மாதான் பிலோமினா. வாசலில் நின்றவர் ஆன்றணி.